சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்: டிஜிட்டல் நிதிக்கும் பசுமை, சமூக நிதிக்கும் என்ன உறவு?

பசுமை நிதி, சமூக நிதி, டிஜிட்டல் நிதி. மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. கேட்பவருக்கு மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று தோன்றும். அப்படி இல்லை. முதல் இரண்டும் பணம் எதற்குப் போகிறது என்பதைப் பற்றியவை. மூன்றாவது, பணம் எப்படிப் போகிறது என்பதைப் பற்றியது. நிலக்கரிச் சுரங்கத்துக்கான கடனை முழுக்க முழுக்க டிஜிட்டலாகவே கொடுத்து வாங்கலாம். காற்றாலைக்கான கடனைக் காகிதக் கோப்பிலேயே முடித்துவிடலாம். அப்படியானால் இந்த 'எதற்கு'ம் அந்த 'எப்படி'யும் எந்த இடத்தில் சந்திக்கின்றன?

பசுமை நிதியைப் புரிந்துகொள்ளக் கடன் பத்திரத்திலிருந்து தொடங்குவது எளிது. ஓர் அரசோ வங்கியோ நிறுவனமோ பலரிடம் பணம் வாங்கிக்கொண்டு, இத்தனை ஆண்டில் இவ்வளவு வட்டியோடு திருப்பித் தருகிறேன் என்று எழுதிக் கொடுப்பதுதான் கடன் பத்திரம். 'இந்தப் பணத்தைச் சுற்றுச்சூழலுக்கு உதவும் இன்னின்ன வேலைக்கே செலவிடுவேன்' என்று அதில் ஒரு வரியைக் கூட்டினால் அது பசுமைக் கடன் பத்திரம். 2007இல் ஐரோப்பிய முதலீட்டு வங்கி வெளியிட்டதை இந்த வகையில் முதலாவது என்பார்கள். மறு ஆண்டே உலக வங்கியும் தன் முதல் பசுமைப் பத்திரத்தை வெளியிட்டது. ஸ்வீடன் ஓய்வூதிய நிதியங்கள் அப்படி ஒன்று வேண்டும் என்று கேட்டதுதான் அதற்குத் தொடக்கம்.

பலரும் கவனிக்காமல் தாண்டிப்போகும் ஒரு விஷயம் இங்கே உண்டு. பெரும்பாலான பசுமைப் பத்திரங்களில், உங்கள் முதலும் வட்டியும் அந்தக் காற்றாலையின் வருமானத்திலிருந்து வருவதில்லை. பத்திரத்தை வெளியிட்டவரின் மொத்த வருமானத்திலிருந்து வருகின்றன. காற்றாலை சுழன்றாலும் சுழலாவிட்டாலும் உங்களுக்கு வட்டி உண்டு. ஆக, சாதாரணப் பத்திரத்துக்கும் பசுமைப் பத்திரத்துக்கும் நடுவே இருக்கும் வேறுபாடு அந்த ஒரு வரி வாக்குறுதி மட்டும்தான். 2014இல் வெளிவந்த பசுமைப் பத்திரக் கோட்பாடுகளும் அந்த வாக்குறுதியைச் சுற்றித்தான் நான்கு கேள்விகளைக் கேட்கின்றன. பணம் எதற்கு? திட்டத்தை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்? பணத்தை எப்படித் தனியே கணக்கு வைக்கிறீர்கள்? நடந்ததை எப்படித் தெரிவிப்பீர்கள்? இந்தக் கோட்பாடுகள் சட்டமல்ல. விருப்பப்பட்டவர்கள் பின்பற்றலாம்.

சமூக நிதியும் இதே அச்சில் வார்த்ததுதான். சுற்றுச்சூழலின் இடத்தில் மனிதர்கள் வருகிறார்கள், அவ்வளவே. 2006இல் வெளிவந்த தடுப்பூசிப் பத்திரங்கள் நல்ல உதாரணம். பல நாட்டு அரசுகள் பல ஆண்டுகளில் தவணை தவணையாகத் தருவதாக உறுதியளித்த நன்கொடையைக் காட்டி, சந்தையில் மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே திரட்டி, ஏழை நாட்டுக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி வாங்கினார்கள். வருங்கால நன்கொடை இன்றைய ஊசியானது. இது பெரிய தொகை. இதன் மறுமுனையில், வங்கி எட்டிப் பார்க்காத வீடுகளுக்கு வரும் சிறுகடனும் சமூக நிதிதான். வங்காளதேசத்தின் கிராமீன் வங்கி 1983இல் முறையான வங்கியாகி அதைத்தான் செய்தது. அதன் பணியாளர்கள் வாராவாரம் ஊர் ஊராகப் போய்க் கூட்டம் கூட்டித் தவணை வசூலித்தார்கள்.

அப்படி ஆள் போய் வசூலிப்பதில்தான் சிக்கல் இருக்கிறது. டிஜிட்டல் உள்ளே நுழையும் முதல் வாசலும் அதுதான்.

சுமைகூலி

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். சிறுகடனின் கதை முழுவதும் அந்தப் பழமொழிக்குள் அடங்கிவிடும். ஒரு கடனுக்கு விண்ணப்பம் வாங்க வேண்டும், ஆளைச் சரிபார்க்க வேண்டும், தவணை வசூலிக்க வேண்டும், கணக்கு எழுத வேண்டும். கடன் ஆயிரம் மடங்கு பெரிதானாலும் இந்த வேலைகள் ஏறக்குறைய அதே அளவுதான். பெரிய கடனில் இந்தச் செலவு கண்ணுக்கே தெரியாது. சிறிய கடனில் வட்டியைவிடப் பெரிதாக வந்து நிற்கும். ஏழைகள் கடனைத் திருப்பித் தரமாட்டார்கள் என்பதால்தான் வங்கிகள் ஒதுங்கின என்று பலர் நினைக்கிறார்கள். என் பார்வையில் பெரிய காரணம் இந்தச் சுமைகூலி.

2007 மார்ச்சில் கென்யாவில் சஃபாரிகாம் தொலைபேசி நிறுவனம் எம்-பெசா என்ற சேவையைத் தொடங்கியது. 'பெசா' என்றால் சுவாஹிலியில் பணம். நம் 'பைசா'வுக்கு உறவுக்காரச் சொல் என்பார்கள். அருகிலுள்ள முகவரிடம் ரொக்கத்தைக் கொடுத்தால் உங்கள் எண்ணில் அது வரவாகும். ஒரு குறுஞ்செய்தி மூலம் அதை நாட்டின் மறுகோடியில் இருப்பவருக்கு அனுப்பலாம். அவர் தன் ஊர் முகவரிடம் ரொக்கமாக வாங்கிக்கொள்வார். ஸ்மார்ட்போன் வேண்டாம், வங்கிக் கணக்கு வேண்டாம். சுமார் 1,94,000 கென்யக் குடும்பங்கள் இதனால் வறுமையிலிருந்து மீண்டன என்று 2016இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அந்தக் கணக்கை ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு. எண்ணிக்கையில் சண்டை இருக்கட்டும். மிகச் சிறிய தொகையை மிகக் குறைந்த செலவில் நகர்த்த முடியும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அப்படி ஒரு பாதை விழுந்ததும் அதன் மேல் வேறு வண்டிகளும் ஓடத் தொடங்கின. எனக்குப் பிடித்தது ஒரு பெட்டி.

கூரைமேல் சில வாட் திறனுள்ள சிறிய சூரியத்தகடு. வீட்டுக்குள் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. அதிலிருந்து இரண்டு மூன்று எல்.இ.டி. விளக்குகள், செல்போன் சார்ஜ் செய்ய ஓர் இணைப்பு, சிலவற்றில் ஒரு வானொலி. மொத்த விலையையும் ஒரே நேரத்தில் கொடுக்க அந்தக் குடும்பத்தால் முடியாது. ஆனால் அன்றாடம் விளக்குக்கு மண்ணெண்ணெய் வாங்க ஏதோ ஒரு தொகையை அவர்கள் ஏற்கெனவே செலவழித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தத் தொகையை ஒட்டியே தவணையை வைத்துவிட்டால்? 2012 முதல் கென்யாவில் எம்-கோபா நிறுவனம் செய்த வியாபாரம் இதுதான் ('கோபா' என்றால் கடன் வாங்கு). முன்பணம் கொஞ்சம், மீதி ஏறக்குறைய ஓர் ஆண்டுக்குத் தினத் தவணை, எல்லாம் எம்-பெசா வழியாக.

பெட்டிக்குள் ஒரு சிம் அட்டை இருக்கிறது. பணம் வந்து சேர்ந்த சேதி நிறுவனத்தின் கணினிக்குப் போனதும் பெட்டி திறந்துகொள்கிறது. வேறு சில நிறுவனங்களின் பெட்டியில் சிம் இல்லை, எண்பலகை இருக்கிறது. நீங்கள் பணம் கட்டினால் குறுஞ்செய்தியில் ஒரு நீண்ட எண் வரும். மங்கலான வெளிச்சத்தில் ஒவ்வோர் எண்ணாகத் தட்ட வேண்டும். ஒன்று தவறினால் மறுபடி முதலிலிருந்து. சரியாக இருந்தால் ஒரு சின்ன விளக்கு கண் சிமிட்டும், கட்டிய நாள்களுக்கு மின்சாரம் கிடைக்கும். நாள்கள் முடிந்தால் விளக்கு அணைந்துவிடும். வசூலுக்கு ஆள் வரமாட்டார். பெட்டியே வசூல்காரர்.

இந்த ஒரு பெட்டியில் மூன்று நிதிகளும் இருப்பதைக் கவனியுங்கள். புகை கக்கும் மண்ணெண்ணெய் விளக்கை வீட்டைவிட்டு அனுப்புவதால் பசுமை நிதி. மின்கம்பி எட்டாத வீட்டுக்கு வெளிச்சம் தருவதால் சமூக நிதி. ஆள் போகாமலேயே தவணை வருவதால் டிஜிட்டல் நிதி. மூன்றாவது இல்லையென்றால் முதல் இரண்டும் கணக்கில் நட்டமாகத்தான் முடியும்.

பயிர்க் காப்பீட்டிலும் இதே கதை. பழைய முறையில், பயிர் கருகினால் ஒருவர் நேரில் வந்து வயலைப் பார்த்து இழப்பை மதிப்பிட வேண்டும். சிறு விவசாயியின் அரை ஏக்கருக்கு அந்தப் பயணச் செலவே கட்டுப்படியாகாது. அதனால் வயலை விட்டுவிட்டு மழையை அளந்தார்கள். இந்தப் பகுதியில் இத்தனை மில்லிமீட்டருக்குக் கீழே மழை பெய்தால் எல்லோருக்கும் இவ்வளவு என்று முன்பே முடிவு செய்துவிடுவது. மழைமானியோ செயற்கைக்கோளோ அளவைச் சொன்னதும் பணம் செல்போனுக்குப் போய்விடும். குறியீட்டுக் காப்பீடு என்பது இதன் பெயர். இதிலும் ஓர் ஓட்டை உண்டு. மழைமானி இருக்கும் இடத்தில் மழை பெய்து, உங்கள் வயலில் பெய்யாமல் போனால் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. கருவியின் பார்வையில் உங்கள் பயிர் நன்றாகவே இருக்கிறது.

அளந்து போடு

இரண்டாவது வாசல் அளவை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். பசுமைப் பத்திரத்தில் இருப்பது ஒரு வரி வாக்குறுதி மட்டும்தான் என்று மேலே சொன்னேன் அல்லவா? அது நிறைவேறியதா என்று பார்ப்பது நீண்ட காலமாக ஆண்டுக்கொரு முறை வரும் ஓர் அறிக்கையோடு நின்றுவிட்டது. அறிக்கை எழுதுபவரும் பெரும்பாலும் கடன் வாங்கியவரேதான். பசுமை இல்லாததற்குப் பசுமை வண்ணம் அடித்து விற்பதை, அதாவது பசுமைப் பூச்சை, இந்த இடைவெளிதான் வளர்த்துவிட்டது.

சூரிய மின்நிலையத்தின் மீட்டர் நிமிடத்துக்கு நிமிடம் அளவைத் தானே அனுப்பினால், ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. காடுகளுக்கு மேலே கண்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் எல்லோருக்கும் இலவசம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஐந்து நாள்களுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு மேலே வந்து, 10 மீட்டர் துல்லியத்தில் படம் எடுக்கின்றன. காப்பாற்றுகிறேன் என்று சொல்லிப் பணம் வாங்கிய காட்டில் ஒரு துண்டு மொட்டையானால், பத்திரம் வாங்கியவர் தன் மேசையிலிருந்தே பார்க்கலாம்.

மத்திய வங்கிகளுக்கு வங்கியான பன்னாட்டுத் தீர்வு வங்கி 2021இல் ஹாங்காங் நாணய ஆணையத்தோடு சேர்ந்து ஜெனசிஸ் என்ற பெயரில் ஒரு முன்மாதிரியைச் செய்து பார்த்தது. சாதாரண மனிதர் ஒருவர் செயலியைத் திறந்து, சிறு தொகைக்குப் பசுமைப் பத்திரம் வாங்குகிறார். சேர்ந்துவரும் வட்டியையும், தன் பணத்தால் உருவான தூய மின்சாரத்தின் அளவையும் அதே திரையில் பார்க்கிறார். சுமைகூலி, அளவை இரண்டையும் ஒரே செயலியில் கட்டிய முயற்சி என்று இதைச் சொல்லலாம். 2023 பிப்ரவரியில் ஹாங்காங் அரசு 80 கோடி ஹாங்காங் டாலருக்கு டோக்கன் வடிவில் பசுமைப் பத்திரத்தை உண்மையிலேயே வெளியிட்டது. வழக்கமாக ஐந்து வேலை நாள் எடுக்கும் வெளியீட்டுத் தீர்வு, அதாவது பணமும் பத்திரமும் கைமாறி முடிவது, ஒரே நாளில் முடிந்தது.

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஐந்து நாள் ஒரு நாளானது நல்லதுதான். அதனால் அந்தப் பத்திரம் கூடுதல் பசுமையாகிவிடவில்லை. டோக்கன் என்பது, உரிமையை யார் வைத்திருக்கிறார் என்று பலர் பங்குபோட்டுப் பார்த்துக்கொள்ளும் பொதுப் பதிவேட்டில் ஒரு வரி. பதிவேட்டில் ஒருமுறை எழுதியதைப் பிறகு யாரும் திருத்த முடியாது. ஆனால் எழுதும்போதே பொய்யை எழுதினால், அது திருத்த முடியாத பொய்.

கார்பன் வரவுகளின் கதையே இதற்குச் சாட்சி. ஒரு டன் கரியமில வாயுவைத் தவிர்த்ததற்கான சான்றுதான் கார்பன் வரவு. அதை ஒருவர் தான் வெளியிட்ட வாயுவுக்கு ஈடாகக் கணக்குக் காட்டிவிட்டால், பதிவேட்டில் 'பயன்பட்டுவிட்டது' என்று மூடிவிடுவார்கள். 2021இன் கடைசியிலிருந்து, இப்படி மூடிய வரவுகளுக்கு ஈடாகப் பிளாக்செயினில் (மேலே சொன்ன பொதுப் பதிவேட்டின் பெயர் இது) டோக்கன்களை உருவாக்கி விற்கத் தொடங்கினார்கள். அவற்றில் பல, ஆண்டுக்கணக்கில் வாங்க ஆளில்லாமல் கிடந்தவை. இத்தகைய வரவுகளின் பெரிய பதிவேட்டை நடத்தும் வெர்ரா அமைப்பு, மூடிய வரவுகளுக்கு டோக்கன் உருவாக்கக் கூடாது என்று 2022 மே மாதம் தடை போட்டது. ஏட்டுச் சுரைக்காயைப் பிளாக்செயினில் ஏற்றினாலும் கறிக்கு உதவாது.

தொழில்நுட்பமே மின்சாரத்தை விழுங்கும் என்பதும் மறக்கக் கூடாத கணக்கு. உலகின் தரவு மையங்கள் 2024இல் சுமார் 415 டெராவாட் மணி மின்சாரம் எடுத்துக்கொண்டன என்று பன்னாட்டு எரிசக்தி முகமை மதிப்பிட்டது. உலக மின் பயன்பாட்டில் அது ஏறக்குறைய 1.5 சதவீதம். இதில் நிதித் துறையின் பங்கு ஒரு பகுதிதான். எல்லாப் பிளாக்செயினும் ஒரே அளவு விழுங்குவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெரிய பிளாக்செயின்களில் ஒன்றான எத்தீரியம் 2022 செப்டம்பரில் தன் சரிபார்ப்பு முறையை மாற்றியது. அதன் மின்தேவை 99 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. பிட்காயின் இன்னும் பழைய முறையிலேயே இருக்கிறது. பசுமைப் பத்திரத்தைப் பிளாக்செயினில் வெளியிடுகிறோம் என்று யாராவது சொன்னால், எந்த வகை என்று கேட்பது முறையான கேள்விதான்.

மனிதரை அளப்பது

டிஜிட்டல் அளவை பசுமைக்குப் பொருந்துவதுபோல் சமூகத்துக்கு அவ்வளவாகப் பொருந்துவதில்லை. மின்சாரத்துக்கு யூனிட் உண்டு, கரியமில வாயுவுக்கு டன் உண்டு. மானத்துக்கும் நிம்மதிக்கும் என்ன அலகு? செயற்கைக்கோள் மரத்தைப் பார்க்கும். அந்த மரத்தைக் காக்கிறோம் என்று சொல்லி யாரை வெளியேற்றினார்கள் என்பதைப் பார்க்காது.

முயற்சிகள் இல்லாமல் இல்லை. 2020 ஏப்ரலில், கொரோனா முடக்கத்தின்போது, மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ 'நோவிசி' என்ற உதவித் திட்டத்தைத் தொடங்கியது. சாதாரண போனில் ஒரு குறுங்குறியீட்டை அழுத்திப் பதிவு செய்தால், வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டு, பணம் போனுக்கே வந்துவிடும். பெண்களுக்குச் சற்றுக் கூடுதல் தொகை. பிறகு கிராமங்களில் மிக ஏழைகள் யார் என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வீடு வீடாகக் கணக்கெடுக்க நேரம் இல்லை. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஏழைப் பகுதிகளையும், போன் பயன்படுத்தும் விதத்தைக் கொண்டு ஏழைகளையும் கணினி ஊகித்தது. பகுதியை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுப்பதைவிட இதில் தவறு குறைவு என்றும், வீடு வீடாக எடுத்த முழுப் பட்டியல் இருந்திருந்தால் அது இதைவிடத் துல்லியமாக இருந்திருக்கும் என்றும் பின்னர் வந்த ஆய்வு சொன்னது. நெருக்கடி நேரத்தில் நியாயமான வழி. ஆனால் போனே இல்லாதவர் அந்தக் கணினிக்கு ஏழையாகக்கூடத் தெரியமாட்டார்.

இப்படி டிஜிட்டல் பாதைக்கு வெளியே நிற்பவர்களைச் சிறுபான்மை என்று தள்ளிவிட முடியாது. உலக வங்கியின் கணக்குப்படி 2011இல் உலகின் வயதுவந்தோரில் பாதிப் பேரிடம்தான் வங்கியிலோ செல்போனிலோ ஏதாவது ஒரு கணக்கு இருந்தது. 2024இல் அது 79 சதவீதமாக உயர்ந்தது. 13 ஆண்டில் பெரிய மாற்றம்தான். அதற்குப் பிறகும் எந்தக் கணக்கும் இல்லாதவர்கள் சுமார் 130 கோடிப் பேர்.

உள்ளே வந்தவர்களுக்கும் எல்லாம் நல்லபடி முடிவதில்லை. எம்-பெசா போட்ட அதே பாதையில்தான் கடன் செயலிகளும் வந்தன. சில நிமிடத்தில் கடன், சில வாரத்தில் கெடு, வானைத் தொடும் வட்டி. கெடு தாண்டினால் உங்கள் போனில் இருக்கும் எண்களுக்கெல்லாம் அழைத்து மானத்தை வாங்குவது. கென்யா 2022இல் விதிமுறை கொண்டுவந்து, உரிமம் கட்டாயம் என்றும் இந்த அவமானப்படுத்தல் கூடாது என்றும் சொல்ல வேண்டி வந்தது. இந்தச் செயலிகளும் 'வங்கி எட்டாதவர்களுக்குச் சேவை' என்றுதான் தங்களைச் சொல்லிக்கொண்டன. சுமைகூலி குறைந்ததென்னவோ உண்மை. மிச்சமான காசு யார் பைக்குப் போனது என்பதுதான் அது சமூக நிதியா, வெறும் கந்துவட்டியா என்பதைக் காட்டும்.

அந்தச் சூரியப் பெட்டியிடமே இந்தக் கேள்வியைக் கேட்கலாம். அதன் பூட்டுதான் கடனைச் சாத்தியமாக்கியது. வீட்டையோ நிலத்தையோ அடகு கேட்காமல் கடன் கொடுக்க முடிந்தது அதனால்தான். வீட்டில் ஒருவர் நோயில் விழுந்து கூலிக்குப் போக முடியாத வாரத்தில், முதலில் இருட்டாவதும் அதே பூட்டால்தான். தொலைவில் இருக்கும் கணினிக்குத் தவணை வரவில்லை என்பது தெரியும், ஏன் வரவில்லை என்பது தெரியாது. வசூலுக்கு வரும் மனிதரிடம் "அடுத்த வாரம் பார்க்கலாங்க" என்று சொல்லலாம். பெட்டியிடம் சொல்ல முடியாது. நிறுவனம் நினைத்தால் சில நாள் தவணை விடுப்பு கொடுக்கும்படி அதே பெட்டியை அமைக்கலாம். அதற்கான பொத்தான் நிறுவனத்தின் கையில் இருக்கிறது.

கடைசித் தவணை கட்டியதும் பெட்டி நிரந்தரமாகத் திறந்துகொள்ளும். அதன்பின் எண் கேட்காது. நிறுவனத்தின் கணினியில் மட்டும் அந்த வீட்டின் ஓராண்டுக் கணக்கு நாள்வாரியாக இருக்கும். எந்த நாளில் கட்டினார்கள், எந்த வாரம் தடுமாறினார்கள், எத்தனை இரவு விளக்கில்லாமல் இருந்தார்கள். வங்கிக் கணக்கே இல்லாத குடும்பத்துக்கு, கடனைச் சரியாகக் கட்டுபவர்கள் என்பதற்கான ஒரே எழுத்துச் சான்று அது. அதை வேறொரு வங்கியிடம் கொண்டுபோய்க் காட்டிக் குறைந்த வட்டிக்குக் கேட்க அந்தக் குடும்பத்துக்கு உரிமை இருக்கிறதா என்பது ஒவ்வொரு நாட்டின் தரவுச் சட்டத்தையும் பொறுத்தது. அந்தக் கேள்வி எழுவதற்கு முன்பே, அடுத்த கடனுக்கான அழைப்பு அதே நிறுவனத்திடமிருந்து குறுஞ்செய்தியாக வந்திருக்கும்.